ஒசாகா ரயில் சாரதியின் சுட்டுவிரல்

1

2025 நவம்பர் 8, சனிக்கிழமை, பிற்பகல் ஒன்று நாற்பது. வெளியே ஏழு பாகை. மழை வரப்போவதுபோல் இருட்டிவிட்டு வராமல் நின்ற வானம். கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில், பதினான்காம் மாடியில் உள்ள என் வீட்டுக் குசினியில், மின்னடுப்புக்கு முன்னால் நின்று வலது கையை நீட்டி, சுட்டுவிரலால் ஒவ்வொரு குமிழாகக் காட்டி உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஒண்டு, நூர்ந்துது. ரெண்டு, நூர்ந்துது. மூண்டு, நூர்ந்துது."

அணைந்தது என்பதை எங்கள் பக்கத்தில் நூர்ந்தது என்போம். விறகுக்குச் சொன்ன சொல் மின்சாரத்துக்கும் பொருந்துகிறது. நாலாவதைச் சொல்ல வாயைத் திறந்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"அப்பா, ஆரோட கதைக்கிறியள்?"

என் மகன் குமரன். காரில் ஒரு மணித்தியாலம் தள்ளி, விட்பியில் இருக்கிறான். என் வீட்டுக் கதவைத் திறக்கும் திறப்பு ஒன்று அவனிடமும் உண்டு. கையில் ஒரு பெரிய கடித உறை வைத்திருந்தான்.

"ஆரோடயும் இல்லை. அடுப்போட."

இதைவிட மோசமான பதில் எதுவும் இருந்திருக்க முடியாது என்பது சொல்லி முடித்த பிறகுதான் விளங்கியது. அவன் சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தான். கோபமாக இருந்தால் எனக்குப் பழக்கம். அவன் பயந்திருந்தான். ஐம்பது வயது மனிதனின் முகத்தில், பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்து அறிக்கையை ஒளித்து வைத்தவனின் கண்கள்.

உறைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வாடகை வீட்டை விட்டுப் போகிறேன் என்று அறுபது நாட்களுக்கு முன்னரே கொடுக்க வேண்டிய படிவம். என் பெயர், வீட்டு இலக்கம், போகும் திகதி எல்லாம் அவன் நிரப்பியிருந்தான். கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில், அம்புக்குறி போட்ட மஞ்சள் துண்டு ஒன்றையும் ஒட்டியிருந்தான். அவ்வளவு ஒழுங்கானவன். என் பிள்ளைதானே.

2

இந்தப் படிவத்துக்குக் காரணம் கடந்த மே மாதத்து உருளைக்கிழங்கு.

ஐந்து கிழங்கை அவிய வைத்துவிட்டு, கீழே கடிதம் வந்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன். கிழங்கு அவிந்துவிட்டது, அடுப்பை அணைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். போகும்முன் அடுப்பைப் பார்க்கவும் பார்த்தேன். இதைச் சத்தியம் செய்து சொல்வேன். நான்கு குமிழ்கள் இருந்தன. நான்கு என்று எண்ணியும் விட்டேன். நான் எதையும் எண்ணாமல் விடுவதில்லை. ஆனால் அந்த நான்கில் ஒன்று திரும்பியிருந்ததை மட்டும் காணவில்லை.

மூன்று தீயணைப்பு வண்டிகள். எல்லா மாடிக்காரரும் படிகளில் இறங்கி வெளியே நின்றார்கள். குளித்த தலையோடு ஒருவர், பூனைக் கூடையோடு ஒருவர். தீ இல்லை, புகை மட்டும். கட்டட நிர்வாகம் ஒரு கடிதம் எழுதியது. குமரன் அதை மூன்று முறை வாசித்தான்.

பிறகு வைத்தியர். மணிக்கூடு ஒன்றை வரையச் சொன்னார், வரைந்தேன். ஐந்து சொற்களை நினைவில் வைத்திருக்கச் சொன்னார், வைத்திருந்தேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். ஐந்து முறை கழித்தால் போதும் என்றார். நான் பதினான்கு முறை கழித்து, மிச்சம் இரண்டு என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினேன். அவர் சிரித்து, மூளைக்கு ஒன்றும் இல்லை என்றார்.

"மூளை பாஸ், அடுப்பு ஃபெயில்," என்றான் குமரன் காரில். "இன்னொருக்கா ஒரு பிழை நடந்தா விட்பிக்கு வாறியள். சுபாவும் நானும் பேசிட்டம்."

சுபா என் மருமகள். நல்ல பிள்ளை. விட்பி வீட்டின் கீழ்த்தளத்தில் எனக்கென்று ஓர் அறை, தனிக் குளியலறை, சுவரில் பெரிய தொலைக்காட்சி எல்லாம் செய்து வைத்திருக்கிறார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அங்கிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு 2,140 காலடி. அதிலும் பாதித் தூரத்துக்கு நடைபாதை இல்லை. இங்கே என் வீட்டு வாசலிலிருந்து சேர்போர்ன் சுரங்க ரயில் நிலையத்துக்கு 680 காலடிதான். எழுபத்தாறு வயதில் நான் எவரையும் கேட்காமல் வாசிகசாலைக்குப் போகிறேன், மீன் வாங்கப் போகிறேன், செத்த வீட்டுக்குப் போகிறேன். விட்பியில் கார் இல்லாத மனிதன் தளபாடம். யாராவது வந்து நகர்த்தும்வரை வைத்த இடத்தில் இருக்க வேண்டியதுதான்.

இந்த நிலையில்தான் என் பேத்தி அபி, குமரனின் மூத்த மகள், அவனைத் தொலைபேசியில் அழைத்தாள். அவள் ஒசாகாவில் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். "அப்பப்பாவை என்னட்டை அனுப்புங்கோ. கொஞ்ச நாள் ஆளோட இருந்து பழகட்டும்," என்றாளாம். பயணச்சீட்டை மகனே எடுத்தான். விட்பிக்கான ஒத்திகை என்று எனக்கு விளங்கியது. ஒக்டோபரில் பதினேழு நாள்.

3

அபி காலை ஏழரைக்கு வேலைக்குப் போய்விடுவாள். பகல் முழுவதும் நான் தனியே. அவள் ஒரு பயண அட்டையில் பணம் போட்டுத் தந்து, நகரத்தைச் சுற்றி வளையமாக ஓடும் ரயிலில் மட்டும் ஏறும்படி சொன்னாள். எப்படி ஓடினாலும் புறப்பட்ட இடத்துக்கே வரும் என்பதால் நான் தொலைய மாட்டேன் என்பது அவள் கணக்கு. அதிலும் சில வண்டிகள் வளையத்தை விட்டு வெளியே போய்விடும் என்று மூன்றாம் நாள் கண்டுபிடித்தேன். அதை அவளுக்குச் சொல்லவில்லை.

அந்த வளையத்தில் பத்தொன்பது நிலையங்கள். ஐயம் தீர மூன்று முறை எண்ணினேன். முழுச் சுற்றுக்கு நாற்பது நிமிடம். ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி புறப்படும்போது ஒரு சிறு இசை, ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. இறங்காமல் முழுச் சுற்றும் வந்துவிட்டு, அடுத்த நிலையக் கட்டணத்தை மட்டும் கொடுத்து வெளியேறக் கூடாது என்று அபி சொல்லியிருந்தாள். ஆகவே பாதி வழியில் இறங்கி, வெளியே போய், அட்டையை வைத்து மறுபடி உள்ளே வந்து ஏறுவேன். என்னை யாரும் பிடிக்கவில்லை. நானே என்னைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த ரயிலைப் பற்றி எத்தனையோ சொல்லலாம். வண்டி நிற்கும் இடத்தில் தரையில் போட்ட கோட்டுக்கு நேரே கதவு வந்து நிற்பது. ஏறுகிறவர்கள் இரண்டு வரிசையாக விலகி இறங்குகிறவர்களுக்கு வழி விடுவது. நூறு பேர் நிற்கும் பெட்டியில் ஒரு கைபேசிக் குரல்கூடக் கேளாதது. என் பேசி ஒரு முறை அடித்தது. ஸ்காபரோ நண்பர் ஒருவர். "ஹலோ" என்று எங்கள் வழக்கமான குரலில் தொடங்கினேன். எதிரே இருந்த எட்டுப் பேரும் தங்கள் முழங்காலைப் பார்த்தார்கள். முறைத்திருந்தால் நான் தொடர்ந்து பேசியிருப்பேன். முழங்காலைப் பார்த்ததால் அணைத்துவிட்டேன்.

ஆனால் என்னை ஆட்டி வைத்தது முதற்பெட்டி. அங்கே சாரதியின் அறைக்குப் பின்னால் கண்ணாடி இருக்கிறது. அதன் பின்னால் நின்றால் அவருடைய தோளுக்கு மேலால் தண்டவாளம் முழுவதும் தெரியும். வெள்ளைக் கையுறை, தொப்பி. முன்னால் உள்ள பலகையில் ஒரு குழி, அதற்குள் சட்டைப்பைக் கடிகாரம் ஒன்று அளவாகப் பொருந்தியிருந்தது. புறப்படும் முன் அவர் நேர அட்டவணையின் வரியில் விரலை வைத்தார். கடிகாரத்தைச் சுட்டினார். பிறகு கையை முழுதாக நீட்டி, தூரத்துச் சமிக்ஞை விளக்கைச் சுட்டி ஏதோ சொன்னார். உரத்துச் சொன்னார். அந்த அறையில் அவரைத் தவிர வேறு ஒருவரும் இல்லை.

பாவம், இவருக்கும் ஏதோ சுகமில்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

அடுத்த வண்டியில் வேறு சாரதி. அவரும் அப்படியே. மூன்றாவது ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும். அவளும் விரல் நீட்டி, வெறும் காற்றுக்குச் சொன்னாள். அன்று ஒரு சுற்றில் எத்தனை முறை விரல் நீள்கிறது என்று எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு. எண்ணிக்கையில் இரண்டொன்று தவறியிருக்கலாம். நடுவில் ஓர் ஆறு வந்து கண்ணை இழுத்துவிட்டது.

பின்னேரம் அபியைக் கேட்டேன். "பிள்ளை, உவை ஆரோட கதைக்கினம்?"

"ஒருத்தரோடயும் இல்லை அப்பப்பா. தே ஜஸ்ற் சே இற். சிக்னல் பச்சை எண்டா, பொயின்ற் பண்ணி, 'சிக்னல், சரி' எண்டு வாயால சொல்லோணும். அது ரூல்."

"கண்ணால காணினம்தானே? பிறகேன் சொல்லுவான்?"

"கண் ஏமாத்துமாம். லைக், பார்க்கிறது வேற, நோட்டிஸ் பண்ணுறது வேற. விரல், வாய், காது எல்லாம் சேர்ந்தா பிழை குறையுமாம்."

"வெட்கமாய் இராதோ?"

"வெட்கமோ? வை?" என்றாள் அபி. அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

4

எட்டாம் நாள் காலை நான் ஒரு பிழை விட்டேன்.

மேடையில் ஆறு நிமிடம் நின்றேன். நிற்கும் நேரத்தில் தரைக் கற்களை எண்ணினேன். வண்டி வந்ததும் ஏறி, இடம் கிடைத்து இருந்து, பெட்டியில் உள்ளவர்களை எண்ணினேன். பெண்கள் முப்பத்தொன்று. ஆண்கள், என்னைத் தவிர, பூச்சியம். கணக்குச் சரியாக வந்ததில் ஒரு கணம் திருப்தியாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகுதான் அந்தப் பூச்சியம் என்னைத் திரும்பிப் பார்த்தது.

ஒருவரும் என்னை ஏசவில்லை, எழும்பிப் போகவுமில்லை. எதிரே கடைப் பையோடு இருந்த ஒரு நடுவயதுப் பெண், என் முகத்தைப் பார்க்காமல், கையை மெதுவாக உயர்த்தி யன்னலைக் காட்டினாள். அதில் ஓர் இளஞ்சிவப்புக் கடுதாசி. பெண்களுக்கு மட்டுமான பெட்டி. காட்டிவிட்டு, பிழை தன்னுடையது என்பதுபோல் தலை குனிந்தாள். நான் மூன்று முறை குனிந்தேன். ஊர்க் கோயிலில்கூட அவ்வளவு குனிந்ததில்லை.

அடுத்த நிலையத்தில் இறங்கினேன். அங்கே மேடைத் தரையில், கதவு வரும் இடத்தில், ஒரு கதவின் அகலத்துக்கு இளஞ்சிவப்பில் அதே அறிவிப்பு, ஆங்கிலத்திலும். நான் ஏறிய நிலையத்திலும் அது இருந்திருக்க வேண்டும். திரும்பிப் போய்ப் பார்த்தேன். இருந்தது. கற்களை எண்ணியபடி ஆறு நிமிடமும் நான் நின்றது அதன் மேல்தான்.

அபி கேட்டுவிட்டுச் சிரித்துச் சிரித்துத் தரையில் இருந்துவிட்டாள். "அப்பப்பா! லேடீஸ் காரிலயா!"

"கொப்பாட்டச் சொல்லிப்போடாதை."

"சொல்லவே மாட்டன்."

நான் தேநீரைக் குடித்து முடிக்கும் முன்னரே விட்பியில் தெரிந்திருந்தது. குமரனின் கணக்கில் அது இரண்டாவது பிழை.

5

அன்றிரவு படுக்கையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எண்ணுவதும் பார்ப்பதும் ஒன்றல்ல. மே மாதத்தில் நான்கு குமிழ்களை எண்ணினேன், ஒசாகாவில் கற்களை எண்ணினேன். இரண்டு முறையும் எண்ணிக்கை சரி. இரண்டு முறையும் நான் ஒன்றையும் காணவில்லை.

கொழும்பில் நான் கணக்காய்வுப் பகுதியில் எழுதுவினைஞனாக இருந்தவன். அங்கே ஒரு பேரேட்டுக்கு இரண்டு பேர். ஒருவர் உரத்து வாசிப்பார், மற்றவர் சிவப்புப் பென்சிலால் சரி போடுவார். கண்ணால் மட்டும் பார்த்த தொகை பார்க்கப்படாத தொகை. எண்பத்து மூன்று கலவரத்தில் அந்த அலுவலகத்தை விட்டு ஓடி வந்தபோது, மேசையில் பாதி சரி போட்ட பேரேடு ஒன்று திறந்தபடி கிடந்தது. ஆறு வருடம் கழித்துக் கனடாவுக்கு வந்து, முதலில் பார்க்டேலில் ஓர் அறையில் இருந்தோம். பிறகு இங்கே.

இந்த வீட்டில் சரி பார்க்கும் வேலையை என் மனைவி மங்கை செய்தாள் என்பது அவள் இருந்தவரை எனக்குத் தெரியவில்லை. வெளிக்கிடும்போது வாசலில் ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு நின்று கேட்பாள்.

"அடுப்பு?"

"நூர்த்தாச்சு."

"யன்னல்?"

"பூட்டியாச்சு."

"திறப்பு?"

"கையில இருக்கப்பா. பத்துத் தரம் கேக்கிறாய்."

எரிச்சல் படுவேன். அவள் போய் நான்கு வருடமும் இரண்டு மாதமும். கேட்பதற்கு ஆள் இல்லாமல் போனதும், பதில் சொல்லும் வேலையும் போய்விட்டது. வெறுமனே பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டத் தொடங்கினேன். ஒசாகா சாரதிக்கும் கேட்க ஆள் இல்லை. அவர் கேள்வியையும் பதிலையும் தன்னுடைய விரலிலேயே வைத்திருக்கிறார்.

ஒன்பதாம் நாளிலிருந்து கண்ணாடிக்குப் பின்னால் நின்று, இடுப்பளவில் ஒளித்துப் பிடித்த விரலால், நானும் சுட்டத் தொடங்கினேன். பதினொன்றாம் நாள் வாய்விட்டும் சொன்னேன். "விளக்குப் பச்சை, சரி." தமிழில். ஒருவரும் திரும்பவில்லை. தனியே பேசுகிறவனைக் கவனமானவன் என்று எடுத்துக்கொள்ளும் நகரம் ஒன்று உலகத்தில் இருக்கிறது.

திரும்பி வந்த மூன்றாம் நாள், சேர்போர்ன் நிலையத்தில் கடைசிப் பெட்டிக்கு நேரே நின்றேன். வண்டி வந்து நின்றது. கடைசி யன்னலால், கதவுகளைத் திறந்து மூடும் ரயில் காவலர் தலையை நீட்டினார். கையை நீட்டினார். சுவரில் ஒட்டியிருந்த சிறிய பச்சை முக்கோணத்தை விரலால் சுட்டினார். அதற்குப் பிறகே கதவுகள் திறந்தன. கையுறை இல்லை, குரல் இல்லை, விரல் மட்டும். வண்டி சரியான இடத்தில் நிற்கிறது என்று தனக்குத் தானே காட்டிக்கொள்கிறார். இந்த நிலையத்தை முப்பத்தொரு வருடமாகப் பாவிக்கிறேன். ஒரு நாளும் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்து அடுப்பின் முன்னால் நின்று கையை நீட்டினேன்.

6

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். குமரன் படிவத்தை மேசையில் விரித்து வைத்தான்.

"அப்பா, நான் உங்களைப் பிழை சொல்லேல்லை. ஆனா நீங்கள் அடுப்போட கதைக்கிறியள். எனக்குப் பயமாய் இருக்கு."

"கையெழுத்து வைக்கிறன். அதுக்கு முதல் என்னோட ஒரு இடத்துக்கு வா."

"எங்க?"

"சப்வேக்கு. ரயில் பார்க்க."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் மூன்றாவது பிழை பதிவானது.

"சரி, காரில போவம்."

"ரயில் பார்க்கக் காரில போறதோ? நட. அறுநூற்று எண்பது காலடி. காரை எங்க விட்டனீ? போர்டு பார்த்தனியோ?"

"பார்த்தனான் அப்பா. மூண்டு மணித்தியாலம் விடலாம். வாங்கோ."

வெளிக்கிடும் முன் அவனுக்கு முன்னாலேயே செய்தேன். நான்கு குமிழ், இரண்டு யன்னல், ஒரு திறப்பு, ஒவ்வொன்றாகச் சுட்டி, உரத்து. குமரன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நிலையத்தில் அவனிடம் பயண அட்டை இல்லை. காரில் திரிகிறவன். இயந்திரத்தில் அவனுக்கு ஒரு சீட்டு எடுத்துக் கொடுத்தேன். மேடையின் கடைசிக்குக் கூட்டிப் போய்ச் சுவர் முக்கோணத்தைக் காட்டினேன். முதல் வண்டி வந்தபோது அவன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றையும் காணவில்லை.

"எங்க அப்பா?"

"போயிட்டுது. அடுத்தது வரும். ஃபோனை வை."

அடுத்த வண்டியில் காவலர் ஓர் உயரமான பெண், பின்னல் போட்ட தலை. யன்னல் இறங்கியது. கை நீண்டது. விரல் முக்கோணத்தைச் சுட்டி அரைக் கணம் நின்றது. கதவுகள் திறந்தன.

"ஓ," என்றான் குமரன்.

மூன்றாவது வண்டி. ஒரு தாடிக்காரர். அதே விரல். நான்காவது.

"எல்லாரும் செய்யினம்," என்றான். "இவ்வளவு காலமும் உப்பிடித்தான் செய்தவையோ?"

"எனக்கும் போன மாசந்தான் தெரியும்."

ஒசாகாவைப் பற்றிச் சொன்னேன். வெள்ளைக் கையுறை, கடிகாரக் குழி, நூற்றுப் பன்னிரண்டு. கண் ஏமாற்றும் என்று அவனுடைய மகளே சொன்னதையும் சொன்னேன். மங்கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்தாவது வண்டி வந்தது. நான் காவலரோடு சேர்ந்து கையை நீட்டி, "முக்கோணம், சரி" என்றேன். குமரன் சட்டென்று இரு பக்கமும் பார்த்தான். மேடையில் பத்துப் பேர் அளவில் நின்றார்கள். இங்கேயும் ஒருவரும் திரும்பவில்லை.

வண்டி போன பிறகு அவன் தண்டவாளத்தைப் பார்த்தபடி சொன்னான்.

"அம்மா கேக்கிறவ. வாசல்ல நிண்டு. அடுப்பு, யன்னல், திறப்பு."

"ஓம்."

"நான் யூனிவேசிற்றிக்கு வெளிக்கிடேக்கையும் கேப்பா. எனக்கு விசர் வரும்."

"எனக்கும்தான்."

ஆறாவது வண்டி வந்தது. இருவரும் விரலைப் பார்த்தோம்.

"சரி," என்றான். "மார்ச் வரைக்கும் பார்ப்பம். மார்ச் வரைக்கும்தான். ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்கு நான் ஃபோன் எடுப்பன். அடுப்பு எண்டு கேப்பன். நீங்கள் போய் நிண்டு, விரலைக் காட்டி, சொல்லோணும்."

"விரல் ஃபோனில தெரியாதே."

"எனக்குக் கேக்கும்," என்றான் குமரன்.

திரும்பி நடந்தோம். கார் நின்ற தெருவுக்கு வரும்போது மூன்று மணி பதினைந்து. கண்ணாடித் துடைப்பானுக்குக் கீழே ஒரு மஞ்சள் கடுதாசி ஆடிக்கொண்டிருந்தது. கம்பத்தில் இரண்டு பலகைகள். மேலே உள்ளது, மூன்று மணித்தியாலம் விடலாம். கீழே உள்ளது, பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு விடவே கூடாது.

"மேல இருந்ததைத்தான் பார்த்தனான்," என்றான்.

நான் கையை நீட்டிக் கீழ்ப் பலகையைச் சுட்டினேன்.

"காட்டாதேங்கோ அப்பா," என்றான். பிறகு சிரித்துவிட்டான். மங்கையின் சிரிப்பு. முன்பல் முழுக்கத் தெரியும்.

கடுதாசியை அவன் கையிலிருந்து வாங்கப் போனேன். அவன் விடவில்லை, நானும் விடவில்லை. பிந்தியது என் ரயிலால், ஆகவே தண்டமும் என்னுடையது என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். அவன் போன பிறகு, ஆறு மணி அழைப்புக்கு முன், கையெழுத்து வைக்காத படிவத்தைத் திருப்பி, அதன் வெற்றுப் பக்கத்தில் கணக்கை எழுதினேன். எனக்கு முதியோர் கட்டணம் இரண்டு டொலர் இருபத்தைந்து சதம். மகனின் சீட்டு மூன்று முப்பத்தைந்து. தண்டம் எழுபத்தைந்து. கூட்டி, ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு, வாய்விட்டு வாசித்துச் சரி பார்த்தேன்.

எண்பது டொலர் அறுபது சதம்.